பிள்ளைகளை வைத்துப் பெற்றோரை எடைபோடும் பயிர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளத்துக்கு அழகுப் போட்டி நடக்கும். நுனிவரை மணி அடைத்து, வரிசை கோணாமல் இருக்கும் கதிருக்குப் பரிசு. அதுவே சிறந்த விதை என்று பேராசிரியர்களே போதித்தார்கள். ஹென்றி வாலஸ் என்ற பள்ளிப் பையனுக்கு மட்டும் சந்தேகம். 1904இல் போட்டிக் கதிர்களைத் தனித்தனி வரிசையாக விதைத்து, விளைச்சலை எடை போட்டுப் பார்த்தான். அழகுக் கதிர்கள் பின்தங்கிப் போயின! அவர்தான் 1926இல் ஒட்டு விதைக்கென்றே நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரும் ஆனார்.

தோற்றம் ஏன் ஏமாற்றுகிறது? மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சிக் கொண்டையில், கதிர் நடுத்தண்டில். காற்றில் வரும் எந்தச் செடியின் மகரந்தமும் கதிரின் பட்டிழையில் விழலாம். ஒரே கதிரின் மணிகளுக்குத் தாய் ஒன்று, தகப்பன்கள் பல. நியூயார்க் அருகே ஜார்ஜ் ஷல் என்ற விஞ்ஞானி இந்தக் கலப்பைக் கட்டுப்படுத்தினார். பூக்களுக்குப் பை கட்டி, ஒரு செடியின் மகரந்தத்தை அதன் கதிரிலேயே தூவினார். தலைமுறைக்குத் தலைமுறை செடிகள் குன்றிப் போயின. அப்படி நோஞ்சானான இரண்டு தூய வழிகளை ஒட்டியபோதோ, பிள்ளைச் செடிகள் பெற்றோரை வெகுவாக விஞ்சி நின்றன. 1908இல் அவர் இதை வெளியிட்டார். அத்தை மகன், மாமன் மகள் சம்பந்தமெல்லாம் மக்காச்சோளத்துக்கு ஆகாது.

ஆனால் எதை எதோடு ஒட்டுவது? நூறு தூய வழிகள் இருந்தால் 4,950 ஜோடிகள் சேர்க்கலாம். அத்தனையையும் விதைத்துப் பார்க்க எந்தப் பண்ணையில் இடமிருக்கிறது? எல்லா வழிகளையும் முதலில் ஒரு பொதுத் துணையோடு ஒட்டி, பிள்ளைகளின் விளைச்சலை வைத்துச் சலித்துவிடுவார்கள். 1942இல் ஸ்ப்ரேக், டேட்டம் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குத் தெளிவான கணக்கைக் கொடுத்தார்கள். யாரோடு சேர்ந்தாலும் சராசரியாக நல்ல பிள்ளை தரும் குணம் பொதுச் சேர்க்கைத் திறன். குறிப்பிட்ட ஒரு துணையோடு மட்டும் எதிர்பார்ப்பை மீறுவது சிறப்புச் சேர்க்கைத் திறன்.

தண்டு உறுதியான பதினாறு வழிகளை அதே ஸ்ப்ரேக் 1930களில் கலந்து வைத்த கூட்டத்திலிருந்துதான், 1972இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் பி73 என்ற வழியை வெளியிட்டது. அதற்குப் பொருத்தமான துணையாக வாய்த்தது மிசௌரியின் எம்ஓ17. இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. 1930களில் ஹெக்டேருக்கு ஒன்றரை டன் அளவில் இருந்த அமெரிக்க விளைச்சல் இன்று பத்து டன்னைத் தாண்டுகிறது. உரத்துக்கும் நெருக்கி நடுவதற்கும் இதில் பங்குண்டு.

சறுக்கலும் நடந்தது. ஒட்டு விதை எடுக்க, தாய்ச் செடி தன் மகரந்தத்தையே ஏற்காதபடி அதன் கொண்டையைக் கிள்ள வேண்டும். அந்தக் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தமே உண்டாகாத ஒரே வகைத் தாயைப் பெரும்பாலான விதைகளில் புகுத்தினார்கள். 1970இல் இலைக் கருகல் நோய் சரியாக அந்த வகையையே தாக்கியது. அமெரிக்க விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 6 மக்காச்சோள ஒட்டு ரகத்துக்கும் இப்படித் தேர்ந்த பெற்றோர் உண்டு: யுஎம்ஐ 1200, யுஎம்ஐ 1230. நன்றாகச் சேரும் ஜோடியைக் கைவிட யாருக்கு மனம் வரும்? அங்கே விஞ்ஞானிகள் அதே பெற்றோருக்குள், மணியில் பீட்டா கரோட்டினைக் கூட்டும் மரபணு வடிவத்தை டிஎன்ஏ அடையாளங்களின் துணையோடு ஏற்றியிருக்கிறார்கள்.