பாட்டியின் சேலையில் ஒரு போர்வை: ஓரத்துணியைக் கடைசியில் வாங்குங்கள்

ஜார்ஜ்டவுன் – தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த பல வீடுகளில் பாட்டியின் பருத்திச் சேலைகளும் தாத்தாவின் கைலிகளும் இன்னும் பெட்டியில்தான் கிடக்கின்றன. கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. அவற்றைச் சதுரங்களாக வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது நல்ல வழி. ஆனால், சுற்றிலும் வைக்கும் ஓரத்துணி தவறிப்போனால் பழைய துணியும் கெட்டுவிடும். அது மறுபடி கிடைக்காது.

நடுப்பகுதியைத் தைத்து முடிக்கும்வரை ஓரத்துணி வாங்காதீர்கள். முடித்த துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள். பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடைகளில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடை விளக்கை நம்பாமல் வாசல் அஞ்சடிக்கு வந்து பகல் வெளிச்சத்திலும் பார்ப்பது நல்லது.

எந்த நிறம்?

நடுவில் அதிகமாக உள்ள நிறத்தையே ஓரத்துக்கும் எடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். குறைவாக வரும் நிறத்தைத் தேடுங்கள். மஞ்சள் சேலையில் மெல்லிய அரக்குக் கோடு இருந்தால் ஓரத்துக்கு அரக்கு பொருந்தும். நடுவில் பூ வேலை அதிகம் என்றால் ஓரத்துக்கு ஒரே நிறத் துணியோ சிறு கட்டமோ போதும்.

கட்டத்துக்குப் பெலிக்காட் கைலி கைகொடுக்கும். சோழமண்டலக் கரையில், சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயரே 'பெலிக்காட்' ஆனது. நம் முன்னோரைப் போலவே அந்தத் துணியும் கடல் கடந்து வந்ததுதான். வாங்கும்போது தூய பருத்தியா என்று கேளுங்கள்.

கனமும் சாயமும்

பலமுறை துவைத்த சேலை மெலிந்திருக்கும். அதோடு தடித்த புதுத்துணியைச் சேர்த்தால், துவைக்கும்போது அது இழுத்துத் தையலோரத்தில் பழைய துணியைக் கிழித்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனமாக இருக்கட்டும். புதுத்துணியை வெட்டுவதற்கு முன் துவைத்துச் சுருக்கம் போக்குங்கள். சிவப்பு, கருநீலம், பாத்தேக் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம்.

எவ்வளவு துணி?

நடுப்பகுதி 120 சென்டிமீட்டர் அகலம், 160 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் ஓரத்துக்கு, தையலுக்கும் சேர்த்து 16.5 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு பட்டைகள் வேண்டும். பட்டைகளைத் துணியின் நீளவாக்கில் வெட்டுங்கள். அந்த வாக்கில் துணி அதிகம் இழுபடாது. 110 சென்டிமீட்டர் அகலத் துணி 2 மீட்டர் வாங்கினால் சுருக்கம் போகவும் போதும். முதலில் நீளப் பக்கங்களையும், பிறகு மேலும் கீழும் தையுங்கள். அளவை ஓரத்தில் எடுக்காமல் நடுவில் எடுங்கள். ஓரம் இழுபட்டிருக்கும், அதை நம்பினால் போர்வை அலை அலையாக நிற்கும்.

கடைக்குப் போகாமலும் முடியும். ஐந்தரை மீட்டர் சேலையின் இரண்டு கரைகளும் சேர்ந்து 11 மீட்டர் வரும். இந்தப் போர்வையைச் சுற்ற ஏறக்குறைய 6 மீட்டர் போதும். கீழ்க்கரை தரையில் உரசித் தேய்ந்திருக்கும், ஆகவே மேல்கரையை முதலில் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக இழுங்கள். இழை விலகாவிட்டால், பாட்டி கட்டிய கரையே பேரப்பிள்ளையின் போர்வைக்கும் கரையாகும்.