டிசைன் ஃபைலுக்கும் மூலப்பத்திரம் வேண்டும்

வீட்டு மேசையில் வைத்து வினைலையும் அட்டையையும் வெட்டும் கட்டிங் மெஷினை வாங்குகிறவர்கள், மெஷினின் பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். பிளேடு எத்தனை, வினைல் ரோல் எத்தனை என்ற கணக்கும் கையில் இருக்கும். ஆனால் அந்த மெஷின் எதைப் பார்த்து வெட்டுகிறதோ, அந்தப் பட ஃபைல்களுக்கு எந்தக் கணக்கும் இருப்பதில்லை. 'ஹார்ட் 1', 'ஃபைனல் 2' என்ற பெயர்களோடு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும். இதைச் சோம்பலாகவோ நேரமின்மையாகவோ மட்டும் பார்த்தால் ஆபத்து புரியாது. ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது நிலத்துக்கு மூலப்பத்திரம் வைத்திருப்பதைப் போன்றது. ஒரு டிசைன் யாரிடமிருந்து வந்தது, எதற்கெல்லாம் அனுமதி உண்டு, அதன் மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்ற மூன்று விவரங்களும் ஃபைலோடு ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் வில்லங்கம் வரும் நாளில் நம் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

முதலில் மூலப்பிரதி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனமான கிரிக்கட்டின் கதை இதற்கு நல்ல சான்று. அதன் இன்றைய மெஷின்கள் 'டிசைன் ஸ்பேஸ்' என்ற அந்நிறுவனத்தின் மென்பொருள் வழியாக இயங்குகின்றன. அதில் கணக்குத் தொடங்கி, நம் படத்தை அங்கே ஏற்றிய பிறகுதான் வெட்ட முடியும். 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் இனி மாதத்துக்கு 20 படங்களை மட்டுமே ஏற்றலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அப்போது சந்தா மாதத்துக்குச் சுமார் 10 டாலர். முழு விலை கொடுத்து மெஷினை வாங்கியவர், தானே வரைந்த பூவை 21ஆவது முறையாக ஏற்ற வேண்டுமானால் மேலும் பணம் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். கைவினை செய்பவர்கள் கொந்தளித்தார்கள். இணைய மனுவில் கையெழுத்துகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் மெஷினைப் பதிவுசெய்பவர்களுக்கு வரம்பு கிடையாது என்று நிறுவனம் முதலில் இறங்கிவந்தது; சில நாட்களில் திட்டத்தையே கைவிட்டது. மெஷின் நம்முடையது, படமும் நம்முடையது. இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை மட்டும் இன்னொருவருடையது என்பதை அந்த மாதம் பலருக்கு உணர்த்தியது.

திட்டத்தைத்தான் கைவிட்டுவிட்டார்களே, இன்னும் ஏன் பயம் என்று கேட்கலாம். இப்படி நடந்தது அந்த ஒரு முறை மட்டும் அல்ல. கிரிக்கட்டின் பழைய மெஷின்களுக்கான 'கிராஃப்ட் ரூம்' என்ற மென்பொருள் 2018 ஜூலையில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பழைய மாடல்கள், அதன் பிறகு, படங்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜில் இருப்பதை மட்டும் வெட்டும் கருவிகளாகச் சுருங்கின. சில்லவெட் என்ற மற்றொரு கட்டிங் மெஷின் நிறுவனத்தின் மென்பொருள் தன் வேலையை 'ஸ்டுடியோ3' என்ற சொந்த வடிவத்தில் சேமிக்கிறது. இலவசப் பதிப்பில் எஸ்விஜி (SVG) ஃபைலைப் பொதுவாகத் திறக்க முடியாது, அதற்குக் கட்டணப் பதிப்பு வேண்டும். ஒரு நிறுவனம் தன் மென்பொருளை மாற்றுவதோ நிறுத்துவதோ சட்டப்படி பெரும்பாலும் அதன் விருப்பம். அதற்கு மருந்து வழக்கு அல்ல, முன்யோசனை. எஸ்விஜி என்பது உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் தரப்படுத்திய பொது வடிவம். உள்ளே இருப்பது வெறும் எழுத்து வடிவக் கட்டளைகள்தான். நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். எந்த மெஷினை வாங்கினாலும் மூலப்பிரதி எஸ்விஜியாக நம் கணினியிலும், இன்னொரு பிரதி தனி ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தால் மெஷின் மாறினாலும் டிசைன் மாறாது. கிளவுடில் இருக்கிறதே என்ற சமாதானம் போதாது. கிளவுடில் இருப்பதைத் திருப்பி எஸ்விஜியாக எடுக்க வழி இருக்கிறதா என்பதை இன்றே சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, அனுமதி. வில்லங்கம் மிகுதியாக இருப்பது இங்கேதான். காசு கொடுத்து வாங்கிய ஃபைல் எனக்குச் சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். வாங்கியது பிரதி ஒன்றையும், அதைக் குறிப்பிட்ட முறையில் பயன்படுத்தும் லைசென்ஸையும் மட்டுமே. பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. 'சொந்த உபயோகம் மட்டும்' என்ற லைசென்ஸில் வாங்கிய டிசைனை டாப்பராக வெட்டி மகளின் பிறந்தநாள் கேக்கில் செருகலாம். அதே டாப்பரை அண்டை வீட்டாருக்கு 200 ரூபாய்க்கு விற்றால் வரம்பு மீறல். 'வணிக உபயோகம் உண்டு' என்று சொல்லும் லைசென்ஸ்களிலும் இத்தனை பொருள்கள் வரைதான் என்ற எண்ணிக்கை இருக்கக்கூடும். ஃபைலை அப்படியே பகிர்வதையும் விற்பதையும் அநேகமாக எல்லாமே தடுக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் குறியீடுகளில் 'என்சி' என்ற இரண்டெழுத்து இருந்தால் வணிகம் கூடாது, 'என்டி' இருந்தால் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் தனிப்பட்ட உபயோகத்துக்கு நியாயமான இடம் விடுகிறது. ஆனால் தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'தெரிந்தே' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வாங்கிய ரசீதும், வாங்கிய அன்று எடுத்து வைத்த லைசென்ஸ் பக்கமும் ஃபோல்டரில் இருந்தால் நல்லெண்ணத்தைக் காட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. அவை இல்லாதவர் வெறும் வாய்ச்சொல்லை நம்பி நிற்க வேண்டும். விற்றவர் பின்னாளில் கடையை மூடிவிடலாம், லைசென்ஸ் வாசகத்தை மாற்றிவிடலாம். ஆகவே வாங்கிய அன்றே அதைச் சேமிக்க வேண்டும்.

எல்லோரும் செய்கிறார்கள், ஐம்பது ரூபாய் ஸ்டிக்கருக்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்பது அடுத்த வாதம். வீட்டுத் தொழில் செய்பவர் மீது குற்ற வழக்கு பாய்வது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி இயங்கும் இணையச் சந்தைகளில், உரிமையாளர் ஒரு புகார் அனுப்பினால் பொருள் உடனே பட்டியலிலிருந்து இறங்கும். நாம் மறுப்பு அனுப்பினாலும், அது மறுபடி ஏற 10 முதல் 14 வேலை நாட்கள் ஆகலாம். புகார்கள் சேர்ந்தால் கடையே போகும். அப்படி மறுப்பு எழுத உட்காரும்போதுதான் மூலப்பத்திரத்தின் அருமை தெரியும். இன்னொரு நம்பிக்கையும் பரவலாக உண்டு: முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் டிசைன் நம்முடையதாகிவிடுமாம். சட்டத்தில் அப்படி எந்தச் சதவீதமும் கிடையாது. கார்ட்டூன் பாத்திரத்தின் படத்தை ட்ரேஸ் செய்து எஸ்விஜி ஆக்கினாலும் அது அதே பாத்திரம்தான். அதை இணையச் சந்தையில் யாரோ விற்றார், நான் வாங்கினேன் என்பதும் பயன்படாது. யாரிடமிருந்து வந்தது என்ற மூன்றாவது விவரம் இங்கேதான் முக்கியம்: தன்னிடம் இல்லாத உரிமையை விற்றவர் நமக்குத் தர முடியாது. போலிப் பட்டாவை நம்பி மனை வாங்கியவரின் நிலைதான். இதற்கு எதிர்முனையில் கோலம் இருக்கிறது. தலைமுறைகளாக வாசலில் போடும் புள்ளிக்கோலத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒருவர் தன் கற்பனையால் புதிதாக அமைத்த கோலம் அப்படி அல்ல. பதிப்புரிமைக்கு உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்புத்திறன் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொன்னது. பாட்டி போட்ட கோலத்தைப் புகைப்படம் எடுத்து நாமே வரைந்துகொள்வது, யாரோ வரைந்து விற்கும் கோல ஃபைலைப் பகிர்வதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

எழுத்துருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் பெயர் வெட்டித் தருபவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. கட்டிங் மென்பொருள்கள் பலவற்றில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். ஆகவே இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் எழுதி, அதைப் பாதையாக, அதாவது வெறும் கோடுகளாக மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் எழுத்துகளை ஒன்றிணைத்த பிறகே மெஷினுக்கு அனுப்ப வேண்டும். இணைக்காவிட்டால் 'ஸ்ரீ'யின் சுழிகள் ஒன்றையொன்று வெட்டி எழுத்து துண்டாகும். ஆனால் கோடாக மாற்றிய கணமே எழுத்துருவின் பெயர் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளர் வந்து பெயரில் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால், எந்த ஃபான்ட் என்றும் தெரியாது, அதற்கு வணிக அனுமதி இருந்ததா என்றும் தெரியாது. திருத்தக்கூடிய பிரதியைத் தனியாகவும் வெட்டும் பிரதியைத் தனியாகவும் வைப்பது இதனால்தான். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், மீரா இனிமை, கேடமரான் ஆகியவை திறந்த எழுத்துரு லைசென்ஸில் கிடைப்பவை; அவற்றைக் கொண்டு செய்த பொருளை விற்கத் தடையில்லை.

அளவு குறித்து ஒரு விஷயம், ஏனென்றால் இதில் வினைல் வீணாகிறது. இல்லஸ்ட்ரேட்டர் ஓர் அங்குலத்தை 72 புள்ளிகளாகவும், இங்க்ஸ்கேப் 96 ஆகவும் கணக்கிடுகிறது. 2017க்கு முந்தைய இங்க்ஸ்கேப் பதிப்புகள் 90 ஆகக் கொண்டன. ஒன்றில் 12 அங்குலமாக வரைந்தது மற்றொன்றில் 9 அங்குலமாக வந்து நிற்பது இதனால்தான். ஃபைலின் பெயரிலேயே அளவை எழுதிவிட்டால் வெட்டுவதற்கு முன் சரிபார்க்கலாம். 'கொலு_மயில்_8அங்குலம்_வணிகம்உண்டு_2025' என்ற பெயர் நீளம்தான், ஆனால் தேவையான எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அதே ஃபோல்டரில் ரசீது, லைசென்ஸ், எங்கே வாங்கியது என்ற ஒரு சிறு குறிப்பு, அவ்வளவு போதும்.

இலவச டிசைன் என்ற பெயரில் வரும் ஃபைல்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எஸ்விஜிக்குள் ஸ்கிரிப்ட் எழுத முடியும். பிரவுசரில் திறந்தால் அது இயங்கக்கூடும். விண்டோஸ் இயல்பாகவே ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைப்பதால், படம்போல் தெரிவது நிரலாக இருக்கலாம். அந்தப் பகுதியைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பட ஃபைல் கடவுச்சொல் கேட்டால் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். இந்தியாவில் உள்ள விற்பனையாளரிடம் வாங்கிய ஃபைல் சொன்னபடி இல்லையென்றால், நுகர்வோர் உதவி எண் 1915.

இத்தனையும் பிறர் உரிமையைக் காக்கத்தானே, எனக்கு என்ன பயன் என்று கேட்பவர் ஒருநாள் தன் டிசைனை வேறொருவர் கடையில் காணக்கூடும். பதிப்புரிமை வரைந்த கணத்திலேயே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. இந்தியாவில் ஒரு கலைப்படைப்பைப் பதிவுசெய்யக் கட்டணம் 500 ரூபாய், பொருள்களில் பயன்படுத்தும் படைப்புக்கு 2,000 ரூபாய். ஆனால் விற்பனை பெருகியவர்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவை அறிந்திருக்க வேண்டும்: வடிவமைப்புச் சட்டப்படி பதிவுசெய்யத் தகுந்த ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருளில் இட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். எது வெறும் கலைப்படைப்பு, எது வடிவமைப்பு என்பதைப் பிரித்தறியும் வழியை உச்ச நீதிமன்றம் 2025இல் வகுத்தது. ஐம்பதைத் தாண்டும் முன் வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. அவர் முதலில் கேட்கப்போவது, பென்சிலில் கிறுக்கிய முதல் தாளையும், தேதியோடு சேமித்த திருத்தக்கூடிய மூல ஃபைலையும்தான்.