குமிழிக்கு இடம் வகுத்தல்

நீர் கொதிக்க நெருப்பு வேண்டுமென்பதில்லை. அழுத்தம் தாழ்ந்தாலே போதும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் 2.3 கிலோபாசுகல் அழுத்தத்திலேயே நீர் கொதித்துவிடும். நம்மைச் சூழ்ந்த வளியின் அழுத்தமோ 101 கிலோபாசுகல். எக்கியின் சுழலிக் கண்ணில், அதாவது நீர் சுழலிக்குள் நுழையும் வாயில், அலகின் முன்விளிம்பை நீர் வளைந்து கடக்கும் இடத்தில், அழுத்தம் அவ்வளவு தாழ்வது அரிதன்று. அங்கே பிறக்கும் ஆவிக் குமிழிகள் அழுத்தம் மிகுந்த உட்பகுதியை எட்டியதும் நொறுங்குகின்றன. வெற்றுக் குமிழி நொறுங்குகையில் எழும் பேரழுத்தத்தை இயற்பியலாளர் ராலே 1917-இல் கணக்கிட்டுக் காட்டினார். உலோகத்தை ஒட்டி நொறுங்கும் குமிழி நுண்தாரையொன்றை அதன்மீது பாய்ச்சும். கூழாங்கற்கள் உருள்வதுபோல் எக்கி ஒலிக்கத் தொடங்கினால், உள்ளே எஃகு குழிவிழுந்துகொண்டிருக்கிறது என்றே கொள்ளலாம்.

இதைக் குறைக்க, வடிவமைப்பாளர் முதலில் சுழலியின் கண்ணை அகலமாக்குவார். வழி அகன்றால் நீரின் விரைவு தணியும். அழுத்தச் சரிவும் குறையும். ஆனால் அளவு மீறி அகன்ற கண், குறைந்த ஓட்டத்தில் நீரைப் பின்னோக்கிச் சுழலச் செய்யும். அச்சுழல்களின் நடுவே மீண்டும் குமிழி பிறக்கும். அலகின் முன்விளிம்பை மழுங்க விடாமல் நீள்வட்டமாய்ச் செதுக்குவதும், ஒன்றுவிட்டு ஒன்றாக அலகுகளைக் குட்டையாக்கிக் கண்ணின் நெரிசலைத் தவிர்ப்பதும் அத்துணைக் கேடு தராத வழிகள். பெரிய எக்கிகளில் நீரை இருபுறமும் உறிஞ்சவிட்டு, ஒவ்வொரு கண்ணின் சுமையையும் பாதியாக்குவர்.

எக்கிக்கு வேண்டிய நுழைவழுத்தத்தை அறிய, அதைப் படிப்படியாகக் குறைத்து, எக்கி நீரை ஏற்றும் உயரம் நூற்றுக்கு 3 பங்கு சரியும் நிலையைக் குறித்துக்கொள்வது வழக்கம். எளிய அளவுகோல்தான், நேர்மையானதென்று சொல்லத் தயங்குகிறேன். அந்தச் சரிவு புலப்படுமுன்பே குமிழிகள் நெடுநேரம் இருந்திருக்கும்.

ஏவூர்தி எக்கிகளில் குமிழியை முற்றும் விலக்க இயலாது. எடை குறைய வேண்டித் தொட்டியின் சுவரை மெல்லிதாக்குவதால் அதனுள் அழுத்தத்தை உயர்த்த முடியாது. எரிபொருளான நீர்ம ஐதரசனோ தன் கொதிநிலையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே முதன்மைச் சுழலிக்கு முன்னே, நீண்ட திருகு வடிவில் சில அலகுகளே கொண்ட முன்சுழலியைப் பொருத்துகின்றனர். குமிழிகளைத் தான் தாங்கிக்கொண்டு, அடுத்ததற்கு அழுத்தமூட்டிய நீர்மத்தை அனுப்புவது அதன் தொழில்.

சப்பானின் எச்-2 ஏவூர்தி 1999 நவம்பர் 15 அன்று தனேகாசிமாவிலிருந்து எழுந்து, ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் முதல் அடுக்குப் பொறி திடீரென நின்றுபோக, அழிக்கப்பட்டது. ஒகசவாராத் தீவுகளுக்கு அப்பால், ஏறக்குறைய 3000 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து அப்பொறியைத் தேடி எடுத்தனர்; இத்துறையில் இதனினும் வியப்பான துப்பறிதலை நான் அறியேன். ஐதரசன் எக்கியின் முன்சுழலி அலகொன்று களைப்பால் முறிந்திருந்தது. குமிழித் திரள்கள் அலகுகளிடையே நிலையாய் அமையாமல் சுழன்று அலைந்து எழுப்பிய அதிர்வு, முறிவுக்குக் காரணங்களுள் ஒன்றெனக் கண்டனர். குமிழியைத் தாங்கவென்றே படைத்த உறுப்பு, குமிழியின் அமைதியின்மையைத் தாங்கவில்லை.

எனவே இன்று முன்சுழலியைச் சோதிப்போர் ஏற்ற உயரத்தை மட்டும் அளந்து நிறைவடைவதில்லை. ஒளிபுகும் உறைக்குள் அதைச் சுழற்றி நீரைச் செலுத்துகின்றனர். ஒவ்வோர் அலகிலும் குமிழித்திரள் ஒரே நீளத்தில் நிற்கிறதா, ஒன்று நீண்டு ஒன்று குறுகுகிறதா என்பதை அதிவிரைவு ஒளிப்படக் கருவியால் பதிந்து, அதற்கேற்ப அலகின் கோணத்தையும் உறையின் இடைவெளியையும் திருத்துகின்றனர்.