பால்காரரிடம் கேளுங்கள்: "மாட்டுக்கு ஊசி போட்டாச்சா?"

பாக்கெட் பால் வந்த பிறகும், பூந்தமல்லி, கரையான்சாவடி பக்கம் சொம்பை நீட்டிக் கறந்த பால் வாங்கும் குடும்பங்கள் இருக்கத்தான் செய்கின்றன. "தண்ணி கலந்தீங்களா?" என்று கேட்கிறோம். "மாட்டுக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்கிறோமா?

கோமாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், ஓயாமல் எச்சில் ஒழுகல். பால் சட்டென்று குறையும். எச்சில், தீவனம், தண்ணீர்த் தொட்டி, கறப்பவர் கை, செருப்பு எல்லாவற்றிலும் கிருமி ஒட்டிக்கொண்டு அடுத்த தொழுவத்துக்குப் போய்விடும். நமக்குப் பெரிய ஆபத்தில்லை. மாட்டை நம்பிய குடும்பத்துக்குத்தான் பேரிடி.

"சித்த வைத்தியரே, உங்களிடம் மருந்து இல்லையா?" என்பீர்கள். இருக்கிறது. சீரகம், வெந்தயம், மிளகை ஊறவைத்து அரைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல் சேர்த்து மாட்டின் வாயில் தடவலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதைச் சொல்கிறது. ஆனால் இது வந்த புண்ணுக்கு இதம். பக்கத்து மாட்டுக்கு வராமல் தடுக்கத் தடுப்பூசிதான் வழி. மத்திய அரசின் திட்டத்தில் 2019 முதல் இது இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தெருவிலுள்ள எல்லா மாட்டுக்கும் சேர்த்துப் போட வேண்டும். நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, கடைசியாகக் கறக்க வேண்டும்.

ஊசியால் என்ன ஆகும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய், தடுப்பூசியால்தான் ஒழிந்தது. 2011-ல் உலகத்தை விட்டே போய்விட்டதாக அறிவித்தார்கள்.

நம்மையும் தொடும் நோய் ஒன்று உண்டு: கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ். சினை மாடு கடைசி மாதங்களில் கன்றை வீசிவிடும். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் நமக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, அசதி. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு ஊசி போதும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லுங்கள்.

பச்சைப் பால் பலம் தரும் என்று குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, கிளறிவிட்டு, மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். நாளைக் காலை பால்காரர் வந்ததும், முதல் கேள்வி ஊசியைப் பற்றியே இருக்கட்டும்.