உயரம் கேட்கும் சக்கரம், ஓட்டம் கேட்கும் சக்கரம்

ஆனேக்கல் தாலுகாவின் எல்லையில் இருக்கிறது அத்திப்பள்ளி. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் லாரிகள் சுங்கச்சாவடியைத் தாண்டி வேகமெடுக்கும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்கும். அது டர்போசார்ஜர். என்ஜின் கக்கும் சூடான புகை, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சக்கரத்தை நிமிடத்துக்கு லட்சம் சுற்று வரை சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாகப் போகவேண்டிய சூட்டிடம் வேலை வாங்கும் இதுவும் டர்பைன்தான்.

பாயும் ஒன்றின் வேகத்தையோ அழுத்தத்தையோ வாங்கி அச்சைச் சுழற்றுவதுதான் எல்லா டர்பைன்களின் தொழிலும். பிறகு ஏன் இத்தனை வடிவங்கள்? இடம்தான் காரணம். காவிரியோடு நடந்தால் இது நன்றாக விளங்கும்.

ஆனேக்கல்லுக்குத் தென்மேற்கே சிவனசமுத்திரம். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் கட்டத் தொடங்கிய அங்குள்ள மின் நிலையம் 1902 ஜூனில் ஓடத் தொடங்கியது. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரம் போனது கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூரின் தெருக்களுக்கு வெளிச்சம் வந்தது 1905இல்தான். 1901இலேயே காலமான ஐயர் இரண்டையும் பார்க்கவில்லை.

அங்கிருந்து மேகதாது, ஒகேனக்கல் வழியாக ஆறு மேட்டூருக்கு வருகிறது. 1937 முதல் மின்சாரம் தரும் அணை மின் நிலையத்தில் இருப்பவை பிரான்சிஸ் டர்பைன்கள். நத்தை ஓடு போன்ற குழாய்க்குள் சுற்றி வரும் தண்ணீர் நாலாபக்கமிருந்தும் சக்கரத்துக்குள் நுழைந்து, தகடுகளை அழுத்திவிட்டு நடுவழியே இறங்கிப் போய்விடுகிறது. தண்ணீர் நடுத்தர உயரத்திலிருந்து விழும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

மேட்டூரைத் தாண்டினால் ஆறு சமவெளிக்காரி. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை கதவணைகளில் தண்ணீர் விழும் உயரம் சில மீட்டர்தான், ஓட்டமோ ஏராளம். அதனால் அங்கே வேலை செய்வது கப்பல் விசிறி போன்ற காப்லான் குடும்பத்துச் சக்கரம். ஜெனரேட்டரைக் குமிழ் வடிவக் கூட்டுக்குள் அடைத்து, ஓடும் நீருக்கு நடுவிலேயே வைத்துவிடுகிறார்கள். கதவணை ஒன்றுக்கு 30 மெகாவாட். தண்ணீர் கூடக் குறைய, இறக்கைகள் தங்கள் கோணத்தை மாற்றிக்கொள்கின்றன.

நேர் எதிர் உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. 1932இல் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்தில் தண்ணீர் குறைவு, இறக்கம் 900 மீட்டருக்கு மேல். குழாயின் மூக்கிலிருந்து தண்ணீர் மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பீறிடும். அதை வாங்குவது பெல்டன் சக்கரம். அதன் விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிண்ணமும் நடுவில் முகடு வைத்த இரட்டைக் கிண்ணம். முகட்டில் பட்டு இரண்டாகப் பிளக்கும் தாரை, கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்புகிறது. தாரையின் வேகத்தில் சுமார் பாதி வேகத்தில் சக்கரம் சுழன்றால், தண்ணீர் தன் சக்தியை எல்லாம் கொடுத்துவிட்டுத் துவண்டு விழும். எனக்குத் தெரிந்து இத்தனை அழகான கணக்கு எந்த இயந்திரத்திலும் இல்லை. கோவை ஆலைகள் பெருகியது இந்த மின்சாரத்தில்தான்.

நெய்வேலி, கூடங்குளம் மின் நிலையங்களில் தண்ணீருக்குப் பதில் நீராவி. அது விரிய விரிய அழுத்தம் குறைவதால், வரிசை வரிசையாகப் பெரிதாகும் இறக்கைகள் வேண்டும். காற்றாலையும் ஒரு டர்பைன்தான்; ஆனால் முப்பந்தல் காற்றாலையால் காற்றின் சக்தியை முழுவதுமாக எடுத்துவிட முடியாது, 59.3 சதவீதம்தான் இயற்கை விதித்த உச்சவரம்பு.

எல்லாவற்றிலும் கடினமானது வாயு டர்பைன். பெங்களூரின் எலகங்காவில் 370 மெகாவாட் மின் நிலையம் ஒன்று, வாயு டர்பைன் விடும் சூட்டில் நீராவி டர்பைனையும் ஓட்டுகிறது. அதே ஊரில்தான் ஜி.டி.ஆர்.இ. என்ற வாயு டர்பைன் ஆய்வகம் தேஜஸ் போர் விமானத்துக்காக காவேரி என்ஜினை உருவாக்கியது. 1989இல் அனுமதி கிடைத்த திட்டம். எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்காததால் தேஜஸ் அமெரிக்க என்ஜினோடு பறக்கிறது. இத்தகைய டர்பைனின் இறக்கைகள் நிற்கும் வாயுவின் வெப்பம், அவை செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையையே தாண்டிவிடும். ஊசித்துளைகள் வழியே குளிர்காற்றைப் படலமாகப் பரப்பித்தான் அவை பிழைக்கின்றன. ஒரே படிகமாக அந்த இறக்கையை வார்க்கும் வித்தை சில நாடுகளிடம் மட்டுமே இருக்கிறது. அதை யாரும் எளிதில் விலைக்குத் தருவதில்லை. இப்போது காவேரியின் மாற்று வடிவம், ஆளில்லாப் போர் விமானத்தை மனதில் வைத்துச் சோதிக்கப்படுகிறது.