முதல் பார்வையிலேயே மதிப்பெண்

வேலைக்கு வந்தவர் நிமிர்ந்து நடந்து, சரளமாகப் பேசிவிட்டால் அவரைத் திறமைசாலி, நேர்மையானவர் என்றும் நம்பிவிடுகிறோம். ஏன்?

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-ல் இதற்கு 'ஒளிவட்ட விளைவு' என்று பெயரிட்டார். ராணுவ அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப்பண்பு ஆகியவற்றுக்குத் தந்த மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போயின. ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தார். மூளை தனித்தனியாக எடை போடுவதில்லை. முதலில் ஒரு மொத்த அபிப்பிராயம், பிறகு அதற்கேற்ற கேள்விகள், அதற்கேற்ற சாட்சிகள்.

1950-களில் இஸ்ரேல் ராணுவத்திலும் இதே சிக்கல். கால் மணி நேரம் பொதுவாகப் பேசிப் பார்த்து வீரர்களை மதிப்பிட்டார்கள், கணிப்பு பலிக்கவில்லை. இருபது வயதைத் தாண்டியிருந்த இளம் உளவியலாளர் டேனியல் கானமன் அந்த முறையை மாற்றினார். பொறுப்புணர்வு, பழகும் தன்மை போன்ற ஆறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே வகுத்த, நடந்ததைக் கேட்கும் கேள்விகள். ஒன்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பிறகே அடுத்தது.

"எங்களை இயந்திரமாக்குகிறீர்கள்" என்று நேர்காண்போர் முணுமுணுத்தார்கள். நியாயமான கோபம்தான். அதனால், கடைசியில் கண்ணை மூடி உள்ளுணர்வால் ஒரு மதிப்பெண் போடவும் அனுமதித்தார். புதிய முறையின் கணிப்பு பழையதைவிட நன்றாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு ஈடாகவே பலித்தது.

ஆகவே நேர்காணல் நடத்துபவர்களே, உள்ளுணர்வைக் கேளுங்கள். ஆனால் கடைசியில் கேளுங்கள்.