அரிவாளுக்குப் பூச்சு தேவையா?

உப்பேறிய கிணற்று நீரில் கழுவி ஈரத்தோடு மூலையில் போட்ட கதிர் அரிவாள், மறுநாள் காலையில் துருப்பூத்துக் கிடக்கும். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதி விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சுப் பூசிய அரிவாள், முலாம் போட்ட கத்தி என்று கடைகளில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அந்தக் கூடுதல் காசுக்கு உரிய பலன் உண்டா என்று பார்ப்போம்.

நம் பகுதியில் துரு ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது? தோல் கெடாமலிருக்க உப்பிட்டுப் பதப்படுத்துவது வழக்கம். பதனிடும் முன் தோலை ஊற வைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவு நீரோடு போகிறது. பல ஆண்டுகளாக அது பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியதால் கிணறுகள் உப்பேறின. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இதன் காரணமாகவே. மேல்விஷாரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. ஆனால் நிலத்தடியில் முன்பே இறங்கிய உப்பு எளிதில் போய்விடுவதில்லை.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் இரண்டு கெடுதல். உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை உடைக்கிறது; அலகில் ஒட்டிய உப்போ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே துடைக்காத அரிவாள் பார்வைக்குக் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

இனிப் பூச்சுக்கு வருவோம். அரிவாளில் வேலை செய்வது வாய் ஒன்றுதான். அந்த வாயைச் சாணைக்கல்லில் தீட்டும்போது, எவ்வளவு விலை உயர்ந்த பூச்சானாலும் முதல் தீட்டிலேயே போய்விடும். பொன்னிறத்தில் மின்னும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சின் கனம் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தொழிற்சாலையில் இரும்பைக் கடையும் உளிக்கு அது நல்லது. வாரம் ஒருமுறை கல்லில் தேயும் அரிவாளுக்கு அதனால் என்ன பயன்? பால் ஒட்டாதிருக்கப் பூசும் டெஃப்லான் பூச்சும் மண்ணும் வைக்கோலும் உரசி உரசிக் கழன்றுவிடும். ஆகப் பூச்சு காப்பாற்றுவது அலகின் முதுகையும் பக்கங்களையும் மட்டுமே.

குரோமிய முலாம் பளபளப்பானது, கடினமானது. ஆனால் அதில் கீறல் விழுந்தால் அடியிலுள்ள இரும்புதான் முதலில் அரிபடும். மேலே பளபளப்பு இருக்க, அடியில் துரு பரவி, முலாம் செதில் செதிலாக உரியும். முலாம் தொட்டியில் பயன்படும் குரோமிக் அமிலத்திலுள்ளது நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் 1990-களில் நின்றுபோன குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவு மேட்டிலும் அதே வகைக் குரோமியம்தான். நம் ஊர் மண்ணுக்கு அந்தப் பெயர் புதிதல்ல.

துத்தநாக முலாம் இதற்கு நேர் மாறானது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வாளிக்கும் வேலிக் கம்பிக்கும் அது ஏற்றது. ஆனால் அந்த முலாமுக்கு இரும்பை ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்க வேண்டும். கொல்லர் அலகுக்கு ஏற்றிய பதம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். அரிவாள் துருப்பிடிக்காது, வெட்டவும் வெட்டாது!

பெயிண்டு அடித்த அரிவாளை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயிண்டு துருவை மட்டுமல்ல, வெடிப்பையும் மட்டமான இரும்பையும் மறைக்கும். வாயோரம் சிறிது சுரண்டிவிட்டு அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். பதம் ஏறிய எஃகில் அரம் வழுக்கும். மட்டமானதில் கடித்து இறங்கும். பூச்சுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நல்ல எஃகுக்குக் கொடுப்பதே மேல் என்பது எமது கருத்து. தோல் மண்டிகளில் சுண்ணாம்பு நீரில் ஊறிய தோலைச் சீவும் இரு கைப்பிடிக் கத்தியும் பூச்சில்லாத வெறும் எஃகுதான்.

அப்படியானால் துருவுக்கு என்ன செய்வது? வேலை முடிந்ததும் அலகைக் கழுவுவது நல்லது. ஆனால் உப்புக் கிணற்று நீரிலேயே கழுவி விட்டுவிடக் கூடாது. கடைசியாக ஒரு செம்பு மழை நீரோ குடிநீரோ ஊற்றி, துணியால் ஒற்றி, வெயிலில் சற்றுக் காட்ட வேண்டும். பிறகு விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ நனைத்த துணியால் ஒரு தடவு தடவினால் போதும். எஞ்சின் கழிவு எண்ணெய் வேண்டாம். அந்த அரிவாள்தான் மாட்டுத் தீவனத்தையும் அறுக்கிறது. யூரியா மூட்டைமேல் அரிவாளைச் சாத்தி வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். யூரியா ஈரத்தை இழுக்கும். பொட்டாஷ் உரமோ குளோரைடு உப்பே. அந்தக் காலத்தில் கூரையில் அடுப்புக்கு மேலே அரிவாளைச் செருகி வைத்தார்களே, அங்கே ஈரம் தங்காது.

ஏற்கெனவே துரு ஏறிய அலகுக்கு நம் பகுதியில் கைவசம் ஒரு மருந்து உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோல் பதனிடப் பயன்பட்டவை. இவற்றிலுள்ள துவர்ப்புச் சத்தான டானின், துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறும். கடைகளில் விற்கும் துரு மாற்றித் திரவங்கள் பலவற்றிலும் சேர்வது இதுவே. உதிரும் துருவைச் செங்கல் தூளால் தேய்த்து நீக்கி, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு உள்ளே தங்கிவிட்டால் மருந்து பிடிக்காது. பின்னர் இடித்த கடுக்காயைக் கொதிக்க வைத்துக் கெட்டியாக இறக்கிய கஷாயத்தைத் துணியால் பூசி, உலர்ந்ததும் மறுபடி பூசி, ஒருநாள் விட்டு எண்ணெய் தடவலாம். வாயை வழக்கம்போல் தீட்டிக்கொள்ளலாம். கறுப்பு பக்கங்களில் நின்றால் போதும். பளபளப்பான புது அலகில் இதைப் பூசுவதால் பயனில்லை. டானினுக்குத் துரு வேண்டும். ஆழமாகக் குழி விழுந்த அலகை இதுவும் காப்பாற்றாது. அதைக் கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்குவதே வழி.